மகளுக்கு ஒரு கறுப்பு மடிக்கணினி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

தட்டச்சு வகுப்புகள் மறைந்துபோனதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், பழைய திங்க்பேட் மடிக்கணினி ஒன்றில்தான் இன்றும் எழுதுவதாக ஒரு வரி இருந்தது. அந்த வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். என் மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வந்தாறுமூலைக்குப் போகுமுன் ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுக்கவேண்டும். கல்முனையில் ஒரு கடையில் பாவித்த திங்க்பேட் டி480 ஒன்று எனக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருக்கிறது. மகளோ அதைப் பார்த்துவிட்டு, "அரசாங்கக் கச்சேரியில் இருக்கும் பெட்டி மாதிரி இருக்கிறது அப்பா" என்கிறாள். கட்டாரில் இருக்கும் என் மைத்துனர், அதை முதலில் செய்த அமெரிக்கக் கம்பனியான ஐ.பி.எம். விற்றதோடு அதன் கதை முடிந்துவிட்டது, சீனக் கம்பனியிடம் இருப்பது பெயர் மட்டுமே என்கிறார். அப்படியானால் இத்தனை பேர் அதை ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள்? அதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஒரு தகப்பன்,
களுவாஞ்சிகுடி

அன்புள்ள ஐயா,

மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவள் சொன்னது சரி, அது கச்சேரிப் பெட்டிதான். நாள் முழுதும் அலுவலகத்தில் உழைப்பதற்கென்றே செய்யப்பட்டது. எனக்கு அதன்மேல் பற்று வந்ததும் அப்படியோர் அலுவலகத்தில்தான்.

2005 ஜனவரி. சுனாமி அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரண அலுவலகத்தில் தமிழ்த் தட்டச்சுத் தெரிந்தவர்கள் வேண்டும் என்றார்கள், போனேன். கல்லடி, நாவலடி, டச்பார் பக்கங்களிலிருந்து வந்து பாடசாலைகளில் தங்கியிருந்த குடும்பங்களின் பட்டியல் கையெழுத்தில் வரும். குடும்பத் தலைவரின் பெயர், அடையாள அட்டை எண், பிள்ளைகள் எத்தனை, காணாமற்போனவர் எத்தனை. வெளிநாட்டு உத்தியோகத்தர் ஒருவர் கொண்டுவந்திருந்த கறுப்புத் திங்க்பேட்டில் பாமினி எழுத்துருவை ஏற்றி, காலையிலிருந்து இருட்டும்வரை அடிப்பேன். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, ஆங்கில விசைப்பலகையின் அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. தமிழில் ஒரு வரிக்கு எத்தனை புள்ளி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் வலது கைச் சுண்டுவிரலின் வேலை. ஒரு பெயர் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் உலர் உணவு தவறிப்போகும் என்ற பயம் வேறு. அந்த விசைகள் விரல் நுனிக்கு ஏற்றபடி சற்றே குழிந்தவை. அழுத்தினால் ஆழமாக இறங்கி, விரலைத் திருப்பித் தள்ளும். எழுத்து விழுந்ததா என்று திரையைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. கண் பட்டியலில் நின்றது, கை பலகையில் நின்றது. அந்த நாட்களில் எனக்கு அது பெரிய உதவி.

அதற்கு முந்திய மாதத்தில்தான், கடல் வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, தன் தனிக் கணினிப் பிரிவு முழுவதையும் சீனக் கம்பனியான லெனோவோவுக்கு விற்கப்போவதாக ஐ.பி.எம். அறிவித்திருந்தது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகே அறிந்தேன். 2005 மேயில் விற்பனை முடிந்தது. உங்கள் மைத்துனர் சொல்வது இதைத்தான். ஆனால் கைமாறியது பெயர் மட்டும் அல்ல. திங்க்பேட்டை உருவாக்கிய பொறியியலாளர்கள் ஜப்பானில், யமாட்டோ என்ற ஊரின் ஆய்வுகூடத்தில் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய அரிமாசா நைட்டோவைத் திங்க்பேட்டின் தந்தை என்றே அழைப்பார்கள். அவரும் அந்த ஆய்வுகூடமும் லெனோவோவுக்குள் வந்தார்கள். வடிவமைப்பைக் கவனித்துவந்த டேவிட் ஹில்லும் வந்தார். கடையின் பெயர்ப்பலகை மாறியது, உள்ளே பட்டறையில் இருந்தவர்கள் மாறவில்லை. என் மேசையிலிருக்கும் திங்க்பேட் டி420, 2011ஆம் ஆண்டுக்குரியது. முழுக்க லெனோவோ காலத்தில் பிறந்தது. 2005இல் நான் தொட்ட அதே பலகைதான் அதிலும் இருக்கிறது.

இனி வரலாறு. 1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் தனிக் கணினியை வெளியிட்டது. அதை மற்றக் கம்பனிகள் நகலெடுத்து மலிவாக விற்றன. 1992இல் ஐ.பி.எம். அடைந்த நட்டம் ஏறக்குறைய 500 கோடி டொலர். அந்த வருடம் ஒக்டோபரில்தான் திங்க்பேட் 700சி வந்தது. 10.4 அங்குல வண்ணத் திரை, 4,350 டொலர் விலை. அன்றைய எங்கள் பணத்தில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். நான் அப்போது இரும்புத் தட்டச்சுப் பொறியில் பழகிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பொருள் உலகில் இருப்பதே எனக்குத் தெரியாது. பெயர் வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. கம்பனியை வளர்த்தெடுத்த தோமஸ் வாட்சன், 'திங்க்', அதாவது 'சிந்தி' என்பதைத் தாரக மந்திரமாக வைத்திருந்தார். அந்தச் சொல் பொறித்த தோலுறைக் குறிப்பேடுகள் ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அந்தச் சட்டைப்பைக் குறிப்பேடுதான் கணினிக்குப் பெயரானது. ஐ.பி.எம். பொருள்களுக்கு எண்தான் பெயர் என்று உள்ளுக்குள்ளேயே எதிர்த்தார்கள். நல்லவேளை, பெயர் தப்பியது.

மகளுக்குப் பிடிக்காத அந்தக் கறுப்பு, வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பரின் முடிவு. மிலானில் வாழ்ந்த ஜெர்மானியர். ஜப்பானியர் மதிய உணவு கொண்டுபோகும் அரக்குப் பூசிய பெட்டியை மனதில் வைத்து அவர் இதை வரைந்தார். வெளியே வெறும் கறுப்பு, திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். என் அம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டியும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். கறுத்த மூடியைத் திறந்தால் பாக்குக்கு ஓர் அறை, சுண்ணாம்புக்கு ஓர் அறை, பாக்குவெட்டிக்கு ஓர் இடம். பெட்டியின் வெளிப்புறத்தில் ஒரு பூ வேலையும் கிடையாது. ஐம்பது வருடம் அவர் மடியில் இருந்தது.

விசைப்பலகையின் நடுவே, மௌசுக்குப் பதிலாக, ஒரு சிவப்புக் குமிழ் இருப்பதை மகள் கவனித்திருப்பாள். அதைக் கண்டுபிடித்தவர் டெட் செல்கர். விசைப்பலகையிலிருந்து மௌசுக்குக் கையை நகர்த்த முக்கால் செக்கன் ஆகிறது, திரும்பிவர இன்னும் அவ்வளவு ஆகிறது என்று 1984இல் ஓர் ஆய்வில் படித்த இடத்திலிருந்து அவர் சிந்தனை தொடங்கியது. கை பலகையை விட்டு நீங்காமல் இருக்க வழி தேடினார். குமிழ் அசைவதில்லை, விரல் எந்தப் பக்கம், எவ்வளவு அழுத்துகிறது என்பதை உள்ளே அளக்கிறது. சிவப்பு நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. ஐ.பி.எம். விதிப்படி சிவப்பு, அவசர நிறுத்தப் பொத்தானுக்கு மட்டுமே உரியது. ஆகவே வடிவமைப்பாளர்கள் அதை 'மஜெந்தா' என்று எழுதி அனுப்பினார்களாம். ஒரு சின்னக் குமிழுக்காக இவ்வளவு மல்லுக்கட்டியவர்கள்மேல் எனக்கு மரியாதை வராமல் எப்படி இருக்கும்?

1993 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கியைத் திருத்தப் போன விண்கலத்தில் ஒரு திங்க்பேட்டும் போனது. 1995இல் வந்த 701சி, திறக்கும்போது வண்ணத்துப்பூச்சிபோல் விரியும் விசைப்பலகைக்காக நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இடம்பிடித்தது. மகளிடம் இதையும் சொல்லிவையுங்கள்.

ஆனால் எங்கள் ஊருக்கு முக்கியம் வேறொன்று. என் டி420ஐத் திருப்பிப் பிடித்தால், விசைப்பலகையைத் தாங்கும் திருகாணிகள் எவை என்று அடிப்பாகத்தில் சிறு சின்னம் பொறித்திருப்பது தெரியும். எதை எந்த ஒழுங்கில் கழற்றவேண்டும் என்ற திருத்தும் கையேட்டை, ஒவ்வொரு பாகத்தின் எண்ணோடும், கம்பனியே எவருக்கும் இலவசமாகத் தருகிறது. கடற்கரையிலிருந்து நூறு யார் தள்ளி இருக்கும் என் வீட்டில் உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்கிறது. இதுவரை இரண்டு விசைப்பலகை மாற்றிவிட்டேன், இரண்டையும் நானே மாற்றினேன். ஒருமுறை பேரன் தேத்தண்ணீரைக் கவிழ்த்தபோது, பலகைக்கு அடியிலிருக்கும் வடிகால் துளை வழியாக அது மேசைக்கு இறங்கிவிட்டது. கணினியை நிறுத்தி, பற்றரியைக் கழற்றி, இரண்டு நாள் காயவைத்தேன். இப்போது இதை எழுதுவதும் அதில்தான்.

எல்லாம் அப்படியே இருக்கிறது என்று சொல்லமாட்டேன். 2012இல் ஏழு வரிசைப் பலகையை ஆறாகக் குறைத்து, முன்னையவற்றைவிடத் தட்டையான விசைகளை வைத்தார்கள். எனக்கு அது இன்றும் வருத்தம். 2013இல் குமிழோடு சேர்த்து அழுத்தும் தனி மௌசுப் பொத்தான்களையே எடுத்துவிட்டார்கள். பாவித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், 2015இல் பொத்தான்கள் திரும்பி வந்தன. மிக மெல்லிய வகைகளில் நினைவகத்தை உள்ளேயிருக்கும் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னர் கூட்ட முடியாது. அவற்றை மாணவர் எவருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் பார்த்த டி480 அப்படியல்ல. 2018இல் வந்தது. நினைவகத்துக்கு இரண்டு இடம், இரண்டும் கழற்றக்கூடியவை. பற்றரியும் இரண்டு: ஒன்று உள்ளே, ஒன்று பின்புறம் வெளியே. வெளிப் பற்றரி தீர்ந்தால், கணினியை அணைக்காமலே அதைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம், உள்பற்றரி தாங்கிக்கொள்ளும். 2022 மார்ச் முடிவில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது அயலில் ஒரு பிள்ளை இரண்டு வெளிப் பற்றரிகளை மாற்றி மாற்றி இதே வகைக் கணினியில் தன் பரீட்சைக் கட்டுரையை எழுதி முடித்தாள்.

கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் கணினியைத் தொடக்கி, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே நிர்வாகக் கடவுச்சொல் கேட்டால், கடைக்காரருக்கு அது தெரியாவிட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்கவேண்டாம். வெளிநாட்டு அலுவலகம் பூட்டியதை இங்கே திறப்பது பெரும் பாடு. இன்டெல் செயலி எட்டாம் தலைமுறையா என்று கேளுங்கள். சில டி480கள் ஏழாம் தலைமுறையோடு வந்தவை, அவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. யூ.எஸ்.பி.-சி துளை இரண்டிலும் மின்னேற்றியை மாறி மாறிச் செருகி, மின் ஏறுகிறதா என்று பாருங்கள். வெளிப் பற்றரியைக் கடையிலேயே கழற்றி, உள்பற்றரி தனியே எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

அதெல்லாம் சரியாக இருந்தால், மகளை உட்காரவைத்து ஒரு பக்கம் தமிழில் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் அவளுக்குப் பிடித்த வெள்ளிநிறக் கணினியிலும் அதே பக்கத்தை அடிக்கட்டும். எதை எடுப்பது என்பதை அதன்பிறகு அவளே சொல்லட்டும்.

அன்புடன்.