தீட்டியும் சீவல் அடைக்கிறதா? மேல்தகட்டைப் பாருங்கள்

இழைப்புளியின் பிளேடு மேல் சந்தேகம் வேண்டாம், அதன்மேல் திருகியிருக்கும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பழைய ஸ்டான்லி 4 இழைப்புளியில் துருவெல்லாம் எடுத்து, முடி வழிக்கிற அளவுக்குத் தீட்டிய பிறகும் நாலு தள்ளுக்கு ஒருமுறை வாயில் (அடியில் பிளேடு வெளிவரும் பிளவில்) சீவல் அடைக்கிறது என்றால், பெரும்பாலும் தகட்டின் முன்விளிம்பு பிளேடோடு முழுசாக ஒட்டி உட்காரவில்லை.

இரண்டையும் சேர்த்துத் திருகி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சேருமிடத்தில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் போதும், சீவல் அந்த இடுக்கில்தான் நுழைந்து விசிறிபோல மடங்கி நிற்கும்.

சரிசெய்ய, தகட்டின் அடிப்பக்க முன்விளிம்பை மட்டமான எண்ணெய்க்கல்லில் வைத்து, வால்பக்கம் கல்லைவிடக் கொஞ்சம் தாழ்ந்து தொங்கும்படி பிடித்துத் தேயுங்கள். அப்போதுதான் நுனி மட்டும் முதலில் பிளேடைத் தொடும். அப்புறம் பிளேடின் கூர் முனையிலிருந்து சுமார் 1 மி.மீ. பின்னால் தள்ளி மாட்டுங்கள். பிளேடின் முதுகுப்பக்கம் துருப்பள்ளம் விழுந்திருந்தால் தகட்டை எவ்வளவு தேய்த்தாலும் வெளிச்சம் போகாது, அதை முதலில் மட்டமாக்க வேண்டும்.

அப்படியும் அடைத்தால், பிளேடு சாய்ந்திருக்கும் இரும்புக்கட்டை ரொம்ப முன்னால் வந்து வாயைக் குறுக்கியிருக்கலாம். திருகைத் தளர்த்திச் சற்றே பின்னால் தள்ளுங்கள்.

தயவுசெய்து அவசரப்பட்டு வாயை அரம் போட்டு அகலமாக்காதீர்கள். வார்ப்பிரும்பு, போனால் போனதுதான். நான் ஒன்றை அப்படித்தான் கெடுத்தேன், இப்போது அது கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது. வாயோரம் விரிசல் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.