உறைமழை ஓய்ந்த பிறகும் மின்சாரம் வர ஏன் வாரக்கணக்கில் ஆகிறது?

உறைமழை என்பது திரவமாகவே விழுந்து, தொட்ட இடத்தில் பனிக்கட்டியாகும் மழை. மேலே வெதுவெதுப்பான காற்று, தரையை ஒட்டி உறைநிலைக்கும் கீழான குளிர்காற்று என்று அடுக்கு அமைந்தால் இது நடக்கும். சுள்ளி, கம்பி, வேலி எல்லாமே கண்ணாடிக்குள் வைத்தது போல் ஆகிவிடும்.

1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் ஐந்தாறு நாள் இப்படிப் பெய்தது. மாண்ட்ரியலுக்குத் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீட்டர்! துணி காயப்போடும் கொடியில் ஈரப் போர்வைகளை அடுக்கிக்கொண்டே போனால் கயிறு மட்டுமா அறும்? கட்டிய கம்பமும் சாயும். அங்கேயும் அதேதான். ஒரு கோபுரம் விழுந்து பக்கத்துக் கோபுரத்தையும் இழுத்தது. சுமார் 1,000 இரும்புக் கோபுரங்கள் போயின. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன.

அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டுவிடும் வேலை இல்லை இது. முதலில் பெரிய கோபுரங்கள், துணைமின் நிலையங்கள், அப்புறம் தெருக் கம்பங்கள், கடைசியில்தான் வீடு. அதனால் சில ஊர்கள் ஒரு மாதம் காத்திருந்தன. அதுவரை விறகடுப்பு இருந்த வீடுகள் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டன, பள்ளிகள் தங்குமிடங்களாயின. ராணுவம்கூட வந்து மரக்கிளைகளை அகற்றியது. அந்த ஒத்தாசைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கடும் குளிரால்தான் கம்பிகள் அறுந்தன என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முறித்தது பனிக்கட்டியின் எடை.