பழக்கத்தை மாற்றச் சூழலை மாற்றுங்கள்: கேள்வி பதில்

அன்றாடப் பழக்கங்களை மாற்றிக்கொள்வது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பொதுச் சுகாதாரப் பணியில் ஆலோசகராக நெடுங்காலம் இருந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி: ஒரு செயலை 21 நாள்கள் விடாமல் செய்தால் அது பழக்கமாகிவிடும் என்கிறார்கள். நான் காலையில் நடக்கத் தொடங்கி ஒரு மாதம் கடந்துவிட்டது. இன்னும் தினமும் மனத்தோடு மல்லுக்கட்டித்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன். என்னிடம் உறுதி போதவில்லையா?

பதில்: உங்களிடம் குறையில்லை, அந்த எண்ணிக்கையில்தான் குறை. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், முக அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள்கள் அளவில் ஆவதைக் கவனித்து 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துபோய், முகத்தைப் பற்றிய செய்தி எல்லாப் பழக்கங்களுக்குமான விதியாக ஊரெங்கும் பரவிவிட்டது.

உண்மையில் அளந்து பார்த்தவர்கள் பிற்காலத்தில்தான் வந்தார்கள். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 96 பேரைத் தங்களுக்கு விருப்பமான ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதை நாள்தோறும் ஒரே சூழ்நிலையில், எடுத்துக்காட்டாகக் காலை உணவு முடிந்தவுடன், செய்யவைத்து 12 வாரங்கள் கவனித்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலை வருவதற்கான நடுமதிப்பு 66 நாள்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபடும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் விரைவில் படிந்தன. உடற்பயிற்சிக்கு அவற்றைப் போல ஒன்றரை மடங்கு காலம் பிடித்தது. எனவே நடைப்பயிற்சி ஒரு மாதத்தில் இயல்பாகாததில் வியப்பே இல்லை. இரவே செருப்பையும் உடையையும் கண்ணில் படும்படி எடுத்துவைத்துவிடுங்கள். காலையில் முடிவெடுக்க வேண்டியவை எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவுக்கு அந்த மல்லுக்கட்டும் குறையும்.

கேள்வி: ஊரில் திருவிழா, உறவினர் வீட்டுத் திருமணம் என்று இரண்டு நாள்கள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். மேலே சொன்ன அதே ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. விட்டுப்போன நாளைவிட, 'எல்லாம் கெட்டுவிட்டது, இனி அடுத்த தை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம்தான் அதிகக் கேடு செய்வதைக் கண்டிருக்கிறேன். திரும்பி வந்த மறுநாள் பாதி தூரமாவது நடந்துவிடுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. உப்பைக் குறைத்தால் சாப்பாட்டில் ருசியில்லை என்று தட்டை ஒதுக்குகிறார். அவரை எப்படி மாற்றுவது, ஐயா?

பதில்: சகோதரி, அவரை மாற்றும் முயற்சியைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, அவர் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தை மாற்றுங்கள். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வீடுகளில் சாம்பாரும் பொரியலும் மட்டும் அந்த அளவைக் கடக்கவைப்பதில்லை. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவையும் சேர்ந்தே கடக்கவைக்கின்றன. ஊறுகாய் ஜாடி சாப்பாட்டு மேசையில் இருந்தால் கை தானாக அதை நோக்கிப் போகும். அதைச் சமையலறை மேல்தட்டில் வைத்தால், எழுந்து போய் எடுக்க வேண்டும் என்பதே பல நாள்கள் அவரைத் தடுத்துவிடும். சோறு வடிக்கும்போது உப்புப் போடும் வழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். குழம்போடு பிசைந்து உண்ணும்போது அந்த வேறுபாடு அதிகம் தெரியாது.

குழம்பில் உப்பை ஒரே நாளில் பாதியாக்காதீர்கள். அன்றே சண்டை வரும். சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் அதற்கு இணங்கிவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் பழைய அளவே கரிப்பாகத் தோன்றும். எலுமிச்சை, புளி, மிளகு, கறிவேப்பிலை ஆகியவை இடைக்காலத்தில் உப்பின் குறையை ஈடுசெய்யும். அவருடைய மருந்துகளையோ சிறுநீரக நிலையையோ கேட்காமல் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதற்கு மருத்துவரின் அனுமதி அவசியம்.

கேள்வி: டீக்கடைக்குப் போனாலே சிகரெட் பற்றவைத்துவிடுகிறேன். பலமுறை விட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

பதில்: தம்பி, இங்கே இரண்டு விஷயங்கள் பிணைந்திருக்கின்றன. ஒன்று நிக்கோட்டின் மீதான உடலின் அடிமைத்தனம். மற்றொன்று டீக்கடை, கண்ணாடி டம்ளர், உடன் நிற்கும் நண்பர்கள் என்ற சூழல். முதலாவதை வெறும் வைராக்கியத்தோடு எதிர்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. நிறுத்திய முதல் சில நாள்களில்தான் எரிச்சலும் தவிப்பும் உச்சத்தில் இருக்கும். பிறகு சில வாரங்களில் தணியும். நிக்கோட்டின் சூயிங்கம் போன்ற உதவிகள் அந்த நாள்களைக் கடத்துவதற்காகவே இருக்கின்றன. சிகரெட் பெட்டியிலேயே அச்சிடப்பட்டுள்ள 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் அரசின் ஆலோசகர்களோடு பேசலாம்.

இரண்டாவதைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971இல் நாடு திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கண்காணித்தபோது, அங்கே அடிமையாகியிருந்தவர்களில் சுமார் 5 சதவீதத்தினரே முதல் ஆண்டுக்குள் மீண்டும் அடிமையானார்கள். மருந்து மலிவாகக் கிடைத்த இடமும், போரின் அச்சமும், கூட இருந்த ஆள்களும் ஒருசேர விலகிப்போனது இதற்கு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. நீங்கள் ஊரைவிட்டுப் போக முடியாது, ஆனால் டீக்கடையைவிட்டுப் போகலாம். முதல் ஒரு மாதம் டீயை அலுவலகத்திலோ வீட்டிலோ குடியுங்கள். நண்பர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முன்பு முயன்று முடியாமல் போனதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். வெற்றிகரமாக விட்டவர்களில் பெரும்பாலோர் பல முயற்சிகளுக்குப் பிறகே விட்டவர்கள்.

கேள்வி: படுக்கையில் போனைப் பார்த்துக்கொண்டே நள்ளிரவாகிவிடுகிறது.

பதில்: சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றிவிடுங்கள். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்குங்கள். இதற்கு மேல் சிந்திக்க இதில் ஒன்றுமில்லை.

கேள்வி: பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும்போது கத்தக்கூடாது என்று தினமும் முடிவெடுக்கிறேன், ஆனாலும் கத்திவிடுகிறேன். பொறுமையைப் பழக்கமாக்க முடியுமா?

பதில்: 'பொறுமையாக இருப்பேன்' என்ற முடிவு எப்போது, எங்கே, என்ன செய்வது என்று சொல்வதில்லை, அதனால்தான் கோபம் வந்த நொடியில் அது நினைவுக்கு வருவதில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து செய்த ஆய்வுகள், 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டவர்கள் வெறும் நோக்கம் மட்டும் கொண்டவர்களைவிட அதிகமாகச் செய்துமுடித்ததைக் காட்டின. 'அதே கணக்கை மகள் மூன்றாம் முறை தவறாகப் போட்டால், எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்' என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்திலிருந்து வந்த களைப்போடு உடனே பாடம் சொல்லித்தர உட்கார்கிறீர்களா என்பதையும் கவனியுங்கள். அப்படியானால் அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்குப் பின் தள்ளிவைப்பது உங்களுக்கும் குழந்தைக்கும் நல்லது.

கேள்வி: எனக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட். நேரம் மாறிக்கொண்டே இருக்கும்போது எந்தப் பழக்கம் நிற்கும்?

பதில்: கடிகாரத்தோடு கட்டாமல், எந்த ஷிப்டிலும் மாறாமல் நடக்கும் ஒரு செயலோடு கட்டுங்கள். எழுந்ததும் பல் துலக்குவது, வேலை முடிந்து வண்டியை நிறுத்துவது, குளிப்பது ஆகியவை மணி எதுவானாலும் நடந்தே தீரும். வண்டியை நிறுத்தியவுடன் வீட்டுக்குள் நுழையாமல் பத்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழுவது கடினம். இரவு ஷிப்ட் வாரத்தில் மட்டும் நடையைவிடத் தூக்கத்துக்கே முதலிடம் கொடுங்கள்.