செவ்வாய்க் கிரகப் போஸ்டருக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். மூன்று ஏக்கர் சம்பா சாகுபடியும் உண்டு. வேற்றுக்கிரகவாசிகள் பூமியின் மேல் படையெடுக்கும் பழைய படங்களின் போஸ்டர், அட்டை, பத்திரிகை எல்லாம் பத்து வருடமாகச் சேர்க்கிறேன். செவ்வாய்க் கிரகவாசிகள் படையெடுக்கும், 1953-ல் வந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ படத்தின் அசல் போஸ்டர் 3 லட்சம் ரூபாய்க்கு வந்திருக்கிறது. மனைவியின் நகையை நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் வைத்து வாங்க நினைக்கிறேன். ஐந்து வருடத்தில் மகள் கல்லூரிக்குப் போகும்போது நல்ல விலைக்கு விற்றுவிடலாம் அல்லவா?

பதில்: நகையை வைத்து வாங்காதீர்கள். உங்கள் ஆசையை நான் குறை சொல்லவில்லை. பத்து வருடம் ஒன்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன்.

3 லட்சத்துக்கு மாத வட்டி 3,000 ரூபாய். ஐந்து வருடத்தில் 1,80,000. ஆக 4,80,000 ரூபாய்க்கு விற்றால்தான் போட்ட பணமே கைக்கு வரும். இந்தப் போஸ்டருக்குப் பெரிய சந்தை அமெரிக்காவில். ஏலக்காரரின் கமிஷன், அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் உங்கள் தலையில்தான். லாபம் வந்தால் வரியும் உண்டு. நீண்டகால மூலதன ஆதாயம் என்றால் 12.5 சதவீதம்.

நெல்லுக்கு அரசு அறிவித்த விலை ஒன்று இருக்கிறது. மூட்டையைக் கொள்முதல் நிலையத்தில் இறக்கினால் அது கிடைக்கும். போஸ்டருக்கு அப்படி யார் விலை சொல்வது? நீங்கள் ஃபீஸ் கட்ட வேண்டிய அந்த மாதத்தில் அதே படத்தின் மேல் ஆசைப்பட்ட ஒருவர் பணத்தோடு இருந்தாக வேண்டும். நடுவில் ஒரு ஐப்பசி மழையில் சம்பா மூழ்கி வட்டி கட்ட முடியாமல் போனால் ஏலத்துக்குப் போவது நகை. 2018-ல் கஜா அடித்த பிறகு உங்கள் பக்கத்தில் எத்தனை வீடுகள் இப்படித் தவித்தன என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அது அசல்தானா என்பதும் முக்கியம். அந்தக் காலத்து அமெரிக்கத் தியேட்டர் போஸ்டரின் வழக்கமான அளவு 27-க்கு 41 அங்குலம். மடித்துத்தான் அனுப்புவார்கள். அடி ஓரத்தில் பெரும்பாலும் படம் வந்த ஆண்டைக் குறிக்கும் 53 என்று தொடங்கும் எண் இருக்கும். எண்ணுக்கு முன் ஆங்கில ‘ஆர்’ எழுத்து இருந்தால் அது மறுவெளியீட்டுக்கு அச்சிட்டது, விலை குறையும். மடிப்பே இல்லாமல் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

சேர்ப்பதை நிறுத்த வேண்டாம். சம்பளத்தில் மாதம் 2,000 ரூபாயை இதற்கென்றே ஒரு ஆர்.டி.யில் போடுங்கள். திரும்பி வராவிட்டாலும் வீடு ஆடாத பணமாக அது இருக்கட்டும். 1962-ல் அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட, செவ்வாய்வாசிகள் படையெடுக்கும் கதையைச் சொல்லும் ‘மார்ஸ் அட்டாக்ஸ்’ பட அட்டைகள் மொத்தம் 55. அவற்றை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கலாம். 1994-ல் மறுபதிப்பு வந்திருப்பதால் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர்ப் பரண்களையும் விட்டுவிடாதீர்கள். 1963-ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யிலும் வேற்றுக்கிரகத்து ஆள் வந்து பெண்ணைத் தூக்கிப் போகிறான். அதன் பாட்டுப் புத்தகமோ நோட்டீஸோ கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அதில் எது அசல் என்று அமெரிக்க வியாபாரியை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மகளின் படிப்பை இதோடு சேர்க்கவே கூடாது. செல்வமகள் கணக்கு ஏற்கெனவே இருந்தால் 18 வயதில் மேற்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம், அதில் தவறாமல் கட்டி வாருங்கள். இல்லையென்றால் அறுவடைப் பணத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு தை மாதமும் ஐந்து வருடக் கெடுவுக்குள் முடியும் வைப்பில் போடுங்கள்.

ஏற்கெனவே கையில் இருப்பதை தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். செய்த நொடியில் சேகரிப்பாளர் மதிப்பு போய்விடும். டெல்டாவின் ஈரமும் ராமபாணப் பூச்சியும் காகிதத்துக்கு எமன். அமிலமில்லாத அட்டை வைத்து, பாலியஸ்டர் உறையில் போட்டு, தரையில் வைக்காமல் மேலே வையுங்கள். எதை எப்போது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, ரசீதுகளோடு மனைவியிடம் கொடுத்து வையுங்கள்.