முதல் வெளிநாட்டுப் பயணத்திலேயே மலேசியாவில் கார் ஓட்டிச் சுற்றலாமா? நான்கு நாட்களுக்கு எப்படித் திட்டமிடுவது?

தாராளமாக ஓட்டலாம். வண்டிகள் நம் ஊரைப் போலவே சாலையின் இடது பக்கம்தான் போகின்றன, ஸ்டியரிங் வலது பக்கம்தான். எங்களைத் தடுமாற வைத்தவை சில்லறை விஷயங்கள். நானும் மனைவியும் பத்து வயது மகனும் திருச்சியிலிருந்து போனோம். மூவருக்குமே அதுதான் முதல் விமானம்.

நான் முதலில் போட்ட திட்டத்தைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். நான்கு நாட்களில் கோலாலம்பூர், மலாக்கா, கேமரன் மலை, ஈப்போ, பினாங்கு! வரைபடத்தில் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன. மனைவி ஊருக்கு ஊர் ஓட்ட வேண்டிய நேரத்தைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ஊர் பார்க்கப் போகிறோமா, ரோடு பார்க்கப் போகிறோமா?" என்று கேட்டாள். மலாக்காவும் பினாங்கும் அன்றே அடிபட்டன. மிஞ்சியது கோலாலம்பூர், கேமரன் மலை, ஈப்போ என்ற முக்கோணம். கோலாலம்பூரிலிருந்து மலைக்குச் சுமார் 200 கி.மீ., மூன்றரை மணி நேரம். ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கும் ஏறக்குறைய அதே 200 கி.மீ.தான், ஆனால் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிட்டோம். ஆகவே தாளில் கிலோமீட்டரை எழுதாதீர்கள், மணியை எழுதுங்கள்.

கிளம்பும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக் கார்க்காரர் முதலில் கேட்டதே அதைத்தான். இறங்கிய அன்று வண்டியைத் தொட வேண்டாம். விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயிலில் அரை மணி நேரம்தான். தூங்கி எழுந்து, அலுவலக நெரிசல் தணிந்தபின் காரை எடுங்கள்.

இனி சில்லறை விஷயங்கள். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் ரொக்கம் செல்லாது. டச் அன் கோ என்ற கார்டைத் தட்டி உள்ளே போக வேண்டும், வெளியேறும்போது அதே கார்டைத் தட்டினால் கட்டணம் கழியும். காருடன் வந்த கார்டை நான் இருப்பு பார்க்காமலே நம்பினேன். உள்ளே விட்ட கார்டு, மலைச்சாலைக்குப் பிரியும் தாப்பா என்ற ஊரில் வெளியே விட மறுத்தது. நான்கு முறை தட்டினேன், தடுப்புக் கட்டை அசையவில்லை. பின்னால் ஒரு லாரி, அதன் பின்னால் மூன்று கார்கள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த அமைதிதான் கூசவைத்தது. உதவிப் பொத்தானை அழுத்திய பிறகு ஊழியர் ஒருவர் வந்து, பணம் ஏற்ற வழிசெய்து அனுப்பினார். புறப்படும்போதே பெட்ரோல் நிலையத்தில் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோலை நாமேதான் போட வேண்டும். முதலில் உள்ளே போய் பம்ப் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு வந்து குழாயைத் தூக்க வேண்டும். நான் காரிலேயே உட்கார்ந்து ஆள் வருவார் என்று காத்திருந்தேன்.

பலகைகளில் நாலைந்து மலாய்ச் சொற்கள் தெரிந்தால் போதும். 'உத்தாரா' வடக்கு, 'செலாத்தான்' தெற்கு, 'கெலுவார்' வெளியேறும் வழி, 'அவாஸ்' எச்சரிக்கை. 'குராங்கான் லாஜு' என்றால் வேகத்தைக் குறை. அதில் நம் 'குறை' கேட்பதால் மகனுக்கு அது உடனே மனப்பாடமாகிவிட்டது, நான் 110-ஐத் தொடும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து அதைக் கூவினான். வலது தடம் முந்துவதற்கு மட்டுமே. நம் பழக்கத்தில் அங்கேயே குடியிருந்துவிடாதீர்கள். இடது ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் சர்ரென்று வரும், வெளியேறத் திரும்பும் முன் பாருங்கள்.

தாப்பாவிலிருந்து மலையேறும் பழைய சாலை அழகானது, வளைவுகளுக்கோ முடிவே இல்லை. பாதி வழியில் சாலையோரமே லாத்தா இஸ்கந்தார் அருவி. அங்கே நிறுத்தியதற்குக் காரணம் அருவி அல்ல, மகனின் வயிறு. அவன் முகம் கழுவும்வரை நான் ஓராங் அஸ்லி பழங்குடியினரின் கடைகளில் தொங்கிய பெத்தாய்க் கொத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முறுக்கிவிட்ட பச்சை அவரைக்காய்போல முழ நீளத்தில் இருக்கும். வாந்தி வரும் ஆள் உடன் இருந்தால், ஏறவும் இறங்கவும் ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாய் சாலையே மேல். தூரம் கூடினாலும் அகலமான சாலை. வார இறுதியில் மட்டும் மலைக்குப் போகாதீர்கள், மேலே இருக்கும் பிரிஞ்சாங் ஊரின் கடைவீதியில் கார்கள் ஊர்ந்துதான் போகும். பிற்பகல் மழைக்கு முன் மேலே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.

இறங்கும் வழியில் அரை நாளைக் காலியாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஈப்போவுக்கு அருகே பத்து காஜா என்ற ஊரில் கெல்லி மாளிகை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததும் பாதியில் நின்ற கட்டடம். வேலை செய்தவர்களில் சென்னை மாகாணத்திலிருந்து போன தொழிலாளர்கள் ஏராளம். அவர்களிடையே கொள்ளைநோய் பரவியபோது, அவர்கள் கேட்டபடி ஸ்மித் ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார். மாளிகையைவிட எனக்கு அந்தக் கோயில்தான் பிடித்தது. கூரைமேல் தெய்வச் சிலைகளின் வரிசையில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். முதலில் போட்ட திட்டப்படி போயிருந்தால், இந்நேரம் பினாங்குப் பாலத்தை நோக்கி விரைந்துகொண்டிருப்போம்.

காரை எடுக்கும்போதே நான்கு பக்கமும் வீடியோ எடுத்து, பெட்ரோல் முள்ளையும் படம் பிடித்துவிடுங்கள். நான் கீறல்களை மட்டும் கவனமாகப் படம் எடுத்தேன். எடுத்தபோது டாங்க் பாதிதான் இருந்தது என்பதை மறந்து, முழுதாக நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.