லைப்ரரி ஒன்லைன் கணக்கு: கேட்டதும் சொன்னதும்

ஒன்லைன் கட்டுரையளை எத்தினை தரம் திறந்தவை எண்டு பதிப்பாளர் தாற பாவனை அறிக்கையில டோட்டல், யுனிக் எண்டு ரெண்டு கணக்கு வருது. கொமிட்டிக்கு எதைக் குடுக்கிறது? (கிளிநொச்சி)

யுனிக். ஒரு பெடியன் ஒரு கட்டுரையை முதல்ல வெப் பக்கமாத் திறக்கிறான், ரெண்டு நிமிசத்தில அதையே பீடிஎஃபா இறக்கிறான் எண்டு வையுங்கோ, டோட்டலில ரெண்டு விழும், யுனிக்கில ஒண்டுதான். சில தளங்கள் ஆரும் கேக்காமலே வெப் பக்கத்தைத் திறந்து காட்டும், அங்க டோட்டல் சும்மா ஊதிப்போய் நிக்கும். 30 செக்கனுக்குள்ள ரெண்டு தரம் அமத்தினா கவுண்டர் (பதிப்பாளர் எல்லாரும் பாவனையை ஒரே மாதிரி எண்ணுறதுக்கான பொது விதிமுறை) விதிப்படி ஒண்டாத்தான் எண்ணுவினம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சந்தா 3 லட்சம், யுனிக் 600 எண்டால் ஒரு கட்டுரை 500 ரூபா, கொமிட்டிக்கு இது விளங்கும். இன்வெஸ்டிகேஷன் எண்டொரு வரியும் இருக்கும், சுருக்கத்தை மட்டும் பாத்ததும் அதில சேரும், ரிக்வெஸ்ட் எண்டால் முழுக் கட்டுரை. ரிக்வெஸ்டுகள் எல்லாம் இன்வெஸ்டிகேஷனுக்குள்ளயே அடக்கம், ரெண்டையும் கூட்டிப்போடாதேங்கோ, கனபேர் விடுற பிழை இது. ஈபுக்குக்கு யுனிக் டைட்டிலைப் பாருங்கோ, இல்லாட்டி ஒரே புத்தகத்தின்ர ஏழு அதிகாரமும் ஏழா வந்து நிக்கும்.

பாவனை குறைவு, சந்தாவை நிப்பாட்டுவம் எண்டு மேல சொல்லினம். பிள்ளையளோ பாவிக்கிறம் எண்டுதுகள். (வவுனியா)

ரெண்டு பக்கமும் உண்மை சொல்லக்கூடும். பம்பைமடுவில கம்பஸ் வைஃபையில இருந்து திறந்தா ஐபி நம்பரை வைச்சு உங்கட ஆள் எண்டு தெரியும். அதே பிள்ளை நெடுங்கேணியில வீட்டு முத்தத்தில இருந்து போன் டேட்டாவில திறந்தா வெளியாள்தான், காசு கட்டு எண்டு கேக்கும், அந்தத் திருப்பியனுப்பினது கூட உங்கட கணக்கில விழாது. ஈஸிப்ரொக்ஸி மாதிரி ஒண்டு போட்டு வெளியில இருந்து லொகின் பண்ண விட்டாத்தான் உண்மையான எண்ணிக்கை வரும். மற்றது வட்ஸ்அப். ஒருத்தி இறக்கி பட்ச் குரூப்பில போடுவாள், நாப்பது பேர் வாசிப்பினம், அறிக்கையில ஒண்டு. (லைசென்ஸ்படி இது சரியோ எண்டது வேற கதை.) நிப்பாட்ட முதல் 12 மாசத்தையும் விரிச்சுப் பாருங்கோ, கடைசி வருசப் பிள்ளையளிட்டயும் ஒருக்கா கேளுங்கோ.

ஆர் ஆர் என்ன வாசிச்சவை எண்டு விரிவுரையாளர் ஒருத்தர் பேர்ப்பட்டியல் கேக்கிறார். (முல்லைத்தீவு)

குடுக்காதேங்கோ. கவுண்டர் அறிக்கையில பேரே இல்லை, ஆனா ப்ரொக்ஸி லொக்கில, அதாவது ஆர் லொகின் பண்ணினது எண்ட பதிவில, யூசர்நேம் கிடக்கும், ஆபத்து அங்கதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கட நாட்டிலயும் இருக்கு. பீடம், வருசம் எண்டு தொகை மட்டும் எடுத்துக் குடுத்திட்டு லொக்கை இத்தனை நாளில அழிக்கிறது எண்டு ஒரு முடிவு எடுங்கோ. அதோட, வாசிச்சவைக்கு மாக்ஸ் போடுறதுக்கா கேக்கிறார்? நாலு பிள்ளையள் சும்மா அமத்தி விட்டிட்டுப் போகுங்கள், உங்கட கணக்கும் பழுது.

அறிக்கையில நோ லைசென்ஸ் எண்டு கனக்க வருது, பிழையா? (மன்னார்)

பிழை இல்லை. உங்கட ஆக்கள் நீங்கள் வாங்காததைத் தட்டிப் பாத்திருக்கினம். அடுத்து எதை வாங்கிறது எண்டதுக்கு நல்ல துப்பு. லிமிட் எக்ஸீடட் எண்டால் மட்டும், வாங்கினதுதான், ஒரே நேரத்தில கூட ஆக்கள் நுழைஞ்சிட்டினம்.

ஒவ்வொரு தளமா லொகின் பண்ணி அறிக்கை எடுக்க நாளே போகுது. (அறிவியல்நகர்)

சுஷி எண்டொரு வழி இருக்கு, அறிக்கையைத் தானா இழுத்துத் தரும், பதிப்பாளரிட்ட அதுக்கான கீயைக் கேளுங்கோ. மூண்டு நாலு தளம்தான் எண்டால் எக்செல் காணும். மாசம் முடிஞ்சு 4 கிழமைக்குள்ள அறிக்கை வரவேணும் எண்டதுதான் விதி, அதால 5ஆந் திகதியே போய்ப் பாத்திட்டு போன மாசம் சைபர் எண்டு மேல எழுதிப்போடாதேங்கோ.