கேம்பர் டிரெய்லர் பேட்டரி: மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் கேம்பர் டிரெய்லரில் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் பேட்டரி இருக்கிறது. காரிலிருந்து வரும் வயர் வழியாகத்தான் சார்ஜ் ஏறுகிறது. பகல் முழுக்க வண்டி ஓட்டினாலும் மறுநாள் விடிவதற்குள் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. "பேட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள்" என்கிறார் கடைக்காரர். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். புது பேட்டரியும் இதே வயரில்தான் சார்ஜ் ஆக வேண்டும். வயரில் கோளாறு இருந்தால் புதியதும் பாதி வயிற்றோடுதான் கிடக்கும், சில மாதங்களில் கெட்டும் போகும். லெட்-ஆசிட் வகை பேட்டரிகள் (ஏஜிஎம்மும் அந்த வகைதான்) அரைகுறை சார்ஜில் நாள்கணக்கில் இருந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கொள்ளளவு குறையும். உங்கள் பேட்டரி உண்மையிலேயே கெட்டிருந்தாலும், அதைக் கெடுத்தது எது என்று தெரியாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். முதலில் எஞ்சினை ஓடவிட்டு, கார் பேட்டரியின் டெர்மினலில் அளந்து பாருங்கள். உடனே டிரெய்லர் பேட்டரியிலும் அளந்து பாருங்கள். அப்போது ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பேட்டரியும் ஓரளவு இறங்கியிருக்க வேண்டும். வயரில் கரன்ட் ஓடினால்தான் வோல்டேஜ் இழப்பு வெளியே தெரியும். சும்மா இருக்கும் வயரில் அளந்துவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்வது மெக்கானிக்குகள் கூட அடிக்கடி செய்யும் தவறு.

இரண்டு அளவுகளுக்கும் 0.3 வோல்ட் வரை வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் வயரைத்தான் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். கார் பேட்டரியிலிருந்து டிரெய்லர் பேட்டரிக்கு 8 மீட்டர் என்றால், போக வர 16 மீட்டர். 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 10 ஆம்பியர் ஓடினாலே சுமார் 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். முன்னால் 14.2 இருந்தாலும் பின்னால் வந்து சேர்வது 13.1. ஏஜிஎம் முழுக்க நிறைவதற்கு 14.4 வோல்ட் அளவுக்கு வேண்டும். அதே தூரத்துக்கு 10 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். வயர் வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வாகன வயர்கள் சில, மேலுறையோடு சேர்த்த தடிமனைச் சொல்லி விற்கப்படுகின்றன. "6 மி.மீ." என்று சொல்லித் தருவதில் செம்பு 5 சதுர மி.மீ. கூட இருக்காது. செம்பின் குறுக்குவெட்டு எத்தனை சதுர மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள்.

வயர் தடிமனாக இருந்தும் இழப்பு வந்தால், இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். மீட்டரின் ஒரு முனையை இணைப்பின் இந்தப் பக்கமும் மறுமுனையை அந்தப் பக்கமும் வையுங்கள். காட்டும் வோல்டேஜ்தான் அங்கே தொலைந்தது. ஃபியூஸ், தானே மீளும் பிரேக்கர், ஆண்டர்சன் பிளக் (காரையும் டிரெய்லரையும் இணைக்கும் தடித்த பிளக்) என ஒவ்வொன்றாகப் போங்கள். நெகட்டிவ் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். டிரெய்லர் சேசிஸில் போல்ட் அடித்த எர்த் துருப்பிடித்திருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. கொக்கி பிடிக்கும் உருண்டை வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்பி விட்டிருப்பவர்களும் உண்டு. நெகட்டிவுக்கும் தனி வயர்தான் போட வேண்டும்.

கார் பேட்டரியிலேயே 12.5, 12.8 என்று குறைவாகக் காட்டுகிறதா? அப்படியானால் காரில் இருப்பது ஸ்மார்ட் ஆல்டர்னேட்டராக (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) இருக்கலாம். புதிய கார்கள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த, தன் பேட்டரி நிறைந்ததும் கம்ப்யூட்டர் வோல்டேஜை இறக்கிவிடும். அதற்கு டிரெய்லர் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு டிசி-டிசி சார்ஜர் போட வேண்டும். அது வரும் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும். ஆனால் மெல்லிய வயருக்கு அது மருந்தல்ல. 25 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர், முன்பக்கத்திலிருந்து 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயரை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் இதை வாங்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். வீட்டுக் கரன்டில் ஓடும் சார்ஜரில் முழுக்க ஏற்றி, சில மணி நேரம் எதையும் இணைக்காமல் வையுங்கள். 12.7-க்கு மேல் நிற்க வேண்டும். பிறகு 5 ஆம்பியர் அளவு லோடு கொடுங்கள். நல்ல 100 ஆம்பியர்-அவர் பேட்டரி 10 மணி நேரம் தாங்கி, ஓய்வுக்குப் பின் 12.2 அருகில் இருக்கும். மூன்று மணி நேரத்திலேயே 12-க்குக் கீழே போனால் கடைக்காரர் சொன்னது சரி, புதிது வாங்குங்கள்.

கேள்வி: 200 வாட் மடக்கு சோலார் பேனல் வாங்கினோம். நல்ல வெயிலிலும், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ள கன்ட்ரோலரில் 2 ஆம்பியர்தான் காட்டுகிறது. ஏமாந்துவிட்டோமா?

பதில்: பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருக்கலாம். நிறைந்த பேட்டரிக்குக் கன்ட்ரோலர் தானே கரன்டைக் குறைத்துவிடும். ஃபிரிட்ஜையும் விளக்குகளையும் போட்டுப் பாருங்கள். ஆம்பியர் ஏறினால் பேனலில் குறையில்லை.

ஏறவில்லை என்றால் நிழலைப் பாருங்கள். ஒரு கிளையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் பாதிக்கு மேல் போய்விடலாம். நிழல் இல்லாமல் சூரியனை நோக்கித் திருப்பி வைத்தால் 200 வாட் பேனல் 8 முதல் 10 ஆம்பியர் வரை தர வேண்டும். வயரைச் சுற்றிக் கவ்வி கரன்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரால் அளந்து பாருங்கள். சாதாரண மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இந்தப் பேனலைச் சொருகினால் மீட்டரின் ஃபியூஸ் போகலாம்.

வாங்கும் முன்பே பொய்யைப் பிடிக்க ஒரு வழி உண்டு. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழுகிறது. இன்றைய நல்ல பேனல் அதில் ஐந்தில் ஒரு பங்கை, சில சற்றுக் கூடுதலாக, மின்சாரமாக்கும். ஆக 200 வாட்டுக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பு வேண்டும். அரைச் சதுர மீட்டர் பேனலில் "300 வாட்" என்று அச்சடித்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். உங்களுடையதையும் டேப்பால் அளந்து பாருங்கள். பரப்பு போதாது என்றால் திருப்பிக் கொடுக்க அதுவே சான்று.

கேள்வி: ஏஜிஎம்மை எடுத்துவிட்டு லித்தியம் போடலாமா? பழைய சார்ஜர் போதுமா?

பதில்: எடை குறையும், கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். செலவுக்கு ஏற்ற பொருள்தான். ஆனால் சார்ஜரில் லித்தியம் அமைப்பு இருக்க வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டி ஏற்றும் 'ஈக்வலைஸ்' முறை இதற்கு ஆகாது. காரிலிருந்து நேரடியாக இணைக்காதீர்கள். லித்தியம் கேட்கும் கரன்டைக் கொடுத்துக் கொடுத்து ஆல்டர்னேட்டர் சூடாகும். டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்.

டெர்மினலில் பூஜ்யம் காட்டினால் பதறாதீர்கள். உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) தற்காப்புக்காகத் துண்டித்திருக்கும். லித்தியம் சார்ஜரை இணைத்தால் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். வோல்டேஜைப் பார்த்து இதில் மீதியைச் சொல்ல முடியாது, 13.2 என்பது வெகுநேரம் அப்படியே நிற்கும். ஷன்ட் வைத்த (உள்ளே போகும், வெளியே வரும் கரன்டை எண்ணும்) மானிட்டர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜை நிறுத்தும் வசதி உண்டா, பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும், வாரண்டிக்கு எந்த சார்ஜர் வேண்டும் என்கிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் நிறுத்துகிறோம். ஒரு வாரத்தில் பேட்டரி காலியாகிவிடுகிறது.

பதில்: இன்வெர்ட்டரைப் பாருங்கள். லோடு இல்லாமலே 1 ஆம்பியர் இழுப்பவை உண்டு. நாளுக்கு 24 ஆம்பியர்-அவர் என்றால், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி நாலே நாளில் தீரும். பேட்டரியை முழுக்கத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்ச் ஒன்று போட்டால் முடிந்தது. சோலார் கன்ட்ரோலரை மட்டும் சுவிட்சுக்கு முன்பாக, தனி ஃபியூஸோடு பேட்டரியில் இணைத்தால், நிறுத்தியிருக்கும்போதும் சார்ஜ் ஏறும்.

கேள்வி: காரிலிருந்து வரும் லைனில் 30 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 60 போடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஃபியூஸ் காப்பது வயரை. பெரியது போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். மேலுறை உரசித் தேய்ந்த இடத்தைத் தேடுங்கள், குறிப்பாகக் கொக்கிக்கு அருகிலும் சேசிஸ் ஓட்டைகளிலும். இன்னொன்று: இந்த லைனின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறது. கார் பக்கம் மட்டும் ஃபியூஸ் இருந்தால், நடுவில் ஷார்ட் ஆகும்போது டிரெய்லர் பேட்டரி தடையில்லாமல் கரன்டைக் கொட்டும். டிரெய்லர் பேட்டரிக்கு அருகிலும் ஒரு ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த பயணத்துக்கு முன் போட்டுவிடுங்கள்.